துள்ளும் விமானத்தைத் துரத்தாதீர்கள்: செஸ்னா 172 தரையிறக்கத்தில் மூக்குச் சக்கரத்தைக் காப்பாற்றும் வழி

நான்கு இருக்கைச் சிறு விமானமான செஸ்னா 172 ஓடுபாதையில் ஒருமுறை துள்ளினால் பெரும்பாலும் எதுவும் உடைவதில்லை. மூக்குச் சக்கரம் முறிவது, புரொப்பெல்லர் தரையில் அடிபடுவது, எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகடு நெளிவது எல்லாம் இரண்டாவது, மூன்றாவது மோதலில்தான் நடக்கின்றன. இடையில் இருக்கும் இரண்டு மூன்று வினாடிகளில் விமானியின் கை செய்கிற ஒரு வேலைதான் காரணம்: எழும்பிய விமானத்தைக் கீழே கொண்டுவர யோக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை) முன்னால் தள்ளுவது. அந்தக் கையைப் பழக்குவது எப்படி, துள்ளாமல் இருக்க ஃபைனலிலேயே (ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்திலேயே) என்னென்ன சரியாக இருக்க வேண்டும், பலமாக இறங்கிவிட்டால் மறுபடி பறக்கும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம். எண்கள் 172எஸ் மாடலுக்கானவை. உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதனால் துள்ளுகிறது

172இன் பின் சக்கரக் கால்கள் எஃகுக் குழாயால் ஆன ஸ்பிரிங். அதில் எண்ணெய் கிடையாது, அதிர்வை விழுங்கும் டாம்பர் கிடையாது. வளைந்த கால் நிமிரும்போது, வாங்கிய விசையில் பெரும்பகுதியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். மூக்குச் சக்கரத்துக்கு மட்டும்தான் காற்றும் எண்ணெயும் அடைத்த ஸ்ட்ரட் என்ற அதிர்வு தாங்கி.

பின் சக்கரங்கள் விமானத்தின் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கின்றன. அவை முதலில் தரையைத் தொட்டால் மூக்கு தானாகத் தாழும், இறக்கையின் தூக்கு விசை குறையும், விமானம் உட்கார்ந்துவிடும். மூக்குச் சக்கரமோ எடை மையத்துக்கு வெகு முன்னால் இருக்கிறது. அது முதலில் தரையில் அடித்தால் மூக்கு மேலே எகிறும். அந்த வேகத்தில் இறக்கைக்கு இன்னும் தூக்கும் திறன் இருப்பதால் விமானம் மறுபடி காற்றில் ஏறும். விமானி தள்ளுவார். தள்ளியதன் பலன் அரை வினாடி கழித்துத்தான் தெரியும், அதற்குள் விமானமே தலை கவிழ்த்திருக்கும். இரண்டும் சேர்ந்து மூக்குச் சக்கரம் முன்பைவிடச் செங்குத்தாகத் தரையில் இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் எழும்பும் உயரம் கூடும். விமானிகள் இதைப் போர்ப்பாய்சிங் என்பார்கள், கடல்பன்றி நீரில் முங்கி முங்கி எழுவதைப் போல இருப்பதால்.

புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒருநாள் குனிந்து பாருங்கள். மூக்குச் சக்கரம் உள்ள இத்தகைய விமானங்களுக்கு அமெரிக்கச் சான்றிதழ் விதி கேட்டது, சமமாக நிற்கும்போது குறைந்தது 7 அங்குலம். ஏறத்தாழ ஒரு சாண். ஸ்ட்ரட் முழுக்க அமுங்கி டயரும் நசுங்கினால் அந்தச் சாணில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

வேகம்: ஃபைனலில் தீர்மானமாகிவிடும் விஷயம்

துள்ளலின் மூலத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஃபைனலில் இருந்த கூடுதல் வேகத்தில் போய் நிற்கும். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) முழுதும் இறக்கிய நிலையில் 172எஸ் கையேடு சொல்வது 60 முதல் 70 நாட். குறுகிய ஓடுபாதைக்கு 61 நாட். பல மாணவர்கள் 75இல் வருகிறார்கள், அது பாதுகாப்பு என்று நினைத்து. வேகம் 10 சதவீதம் கூடினால் கரைக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. தரையிலிருந்து ஓர் இறக்கை நீளத்துக்குள், அதாவது 36 அடிக்குள் வந்ததும் இழுவை குறையத் தொடங்கும். இறக்கை நீளத்தில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் தூக்கு விசையால் உண்டாகும் இழுவை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். விமானம் மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும், பொறுமை இழந்த கை யோக்கைத் தள்ளும். மூக்குச் சக்கரம் முதலில் படுவது இப்படித்தான்.

இங்கே ஒரு கணக்குத் தவறு அடிக்கடி நடக்கிறது. வேகமானியில் வெள்ளை வளைவின் அடிமுனை, அதாவது ஃபிளாப் இறக்கிய நிலையில் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் திறனை இழக்கும்) வேகம், 40 நாட். பாதுகாப்பு இடைவெளிக்காக அதை 1.3ஆல் பெருக்கி, 52 நாட்டில் வரலாம் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டாலுக்கு அருகே மூக்கு தூக்கியிருக்கும்போது வேகமானி குறைத்துக் காட்டும். பிழை திருத்திய ஸ்டால் வேகம் 48 நாட். 48ஐ 1.3ஆல் பெருக்கினால் 62. கையேட்டின் 61 இதோடு ஒட்டிப்போவதைக் கவனியுங்கள்.

இந்த 61 என்பது 2550 பவுண்டு முழு எடைக்கு. எடை குறைந்தால் ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து குறையும். இன்ஸ்ட்ரக்டர் இறங்கி, டேங்க் பாதியாகி, விமானம் 2100 பவுண்டு இருந்தால் அதே பாதுகாப்பு இடைவெளிக்குச் சுமார் 55 நாட் போதும். தனியாகப் பறக்கும் மாணவர் பழக்கப்படி 65இல் வந்தால் பத்து நாட் உபரி. முதல் சோலோவில் விமானம் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். 55இல் வரச் சொல்லவில்லை. 65ஐத் தாண்ட வேண்டிய தேவை இல்லை, கூடுதலாக மிதக்கும் என்பதை முன்பே எதிர்பார்த்திருங்கள். காற்று வீசியடித்தால் வீச்சின் வித்தியாசத்தில் பாதியைச் சேருங்கள்: 12 நாட் காற்று 20 வரை அடித்தால் 4 நாட் கூட்டினால் போதும்.

வேகத்துக்கேற்ப டிரிம் போடுவதும் (யோக்கில் கை சுமக்கும் அழுத்தத்தை டிரிம் சக்கரத்தைச் சுழற்றி விடுவிப்பதும்) இதில் அடங்கும். கையை எடுத்தால் விமானம் அதே வேகத்தில் நிற்க வேண்டும். முன்சீட்டில் இருவர், பின்னால் சுமை இல்லை, ஃபிளாப் முழுதும் என்றால் 172 மூக்குக் கனத்துடன் இருக்கும். டிரிம் இல்லாமல் அந்தக் கனத்தைக் கையில் சுமந்தபடி ஃபிளேர் செய்தால் (தரையருகே மூக்கைத் தூக்கி இறங்கும் வேகத்தைத் தணித்தால்), கை தளரும் நொடியில் மூக்கு விழும்.

கடைசி 20 அடி

ஃபிளேர் 10 முதல் 20 அடி உயரத்தில் தொடங்க வேண்டும். அந்த உயரத்தை எந்தக் கருவியும் காட்டாது, கண்தான் காட்டும். பார்வை மூக்குக்கு முன்னால் உடனே இருக்கும் தாரில் இருந்தால் தரை கலங்கலாக ஓடும், உயரம் பிடிபடாது. ஓடுபாதையின் மறுகோடிக்குப் பார்வையைக் கொண்டுபோங்கள். அங்கே பார்த்தபடியே, ஓரங்கள் இருபக்கமும் அகன்று எழுவதை ஓரக்கண் பிடித்துக்கொள்ளும்.

23 மீட்டர் அகலப் பாதையில் பழகியவர் 45 மீட்டர் பாதைக்கு வந்தால், தாழ்ந்துவிட்டதாகத் தோன்றி உயரத்திலேயே ஃபிளேர் செய்துவிடுவார். அங்கிருந்து விமானம் தொப்பென்று விழும். அகலத்தில் பழகியவர் குறுகலான பாதையில் தாமதமாக ஃபிளேர் செய்து மூக்கை மோதுவார். புது விமான நிலையத்துக்குப் போகும் முன் ஓடுபாதையின் அகலத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பவரைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை ஒரே இழுப்பில் மூடாதீர்கள். புரொப்பெல்லர் வாலுக்கு அனுப்பும் காற்று திடீரென்று நின்றால் எலிவேட்டரின் (வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் மடலின்) பிடி குறைந்து மூக்கு தாழும். தரைக்கு அருகில் வாலின் மீது படும் கீழ்நோக்கிய காற்றோட்டமும் குறைவதால் அதே விளைவு இரட்டிப்பாகும். மெல்ல மூடுங்கள், மூடுகிற அளவுக்கு யோக் பின்னால் வந்துகொண்டிருக்கட்டும். இறக்க முயற்சி செய்யாதீர்கள். ஓர் அடி உயரத்தில் பறக்க வைத்துக்கொண்டே இருங்கள், விமானம் முடியாதபோது தானே உட்காரும்.

துள்ளிவிட்டால்

ஓரிரண்டு அடி உயரத்துக்குச் சின்னத் துள்ளல் என்றால் மூக்கின் நிலையை அப்படியே பிடித்து நிறுத்துங்கள். தள்ளவும் வேண்டாம், மேலும் இழுக்கவும் வேண்டாம். கீழே இறங்கும் வேகம் கூடுகிறது என்று தோன்றினால் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து மெத்தென்று இறக்குங்கள். பின் சக்கரங்கள் மறுபடி தொடும், அவ்வளவுதான்.

அதைவிட உயரம் போனாலோ, மூக்குச் சக்கரம் முதலில் அடித்ததாக உணர்ந்தாலோ, இரண்டாவது முறை தட்டினாலோ, யோசிக்காமல் கோ-அரவுண்ட்: இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுங்கள். த்ராட்டில் முழுதும் திறக்கட்டும். அதே நேரத்தில் மூக்கை அடிவானத்துக்குச் சற்று மேலே வைத்துப் பிடியுங்கள், வலது ரட்டர் கொடுங்கள். பழைய 172என், 172பி போன்ற கார்புரேட்டர் மாடல்களில் கார்ப் ஹீட்டையும் (கார்புரேட்டருக்குச் சூடான காற்றுத் தரும் குமிழையும்) உள்ளே தள்ளுங்கள். ஃபிளாப்பை உடனே 20 டிகிரிக்கு எடுங்கள், 60 நாட்டில் ஏறுங்கள். உயரம் கூடுவது உறுதியானதும் 10, தடைகளைத் தாண்டி வேகம் கூடியதும் முழுதும் மேலே. 30இலிருந்து ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு எடுத்தால் விமானம் அந்த இடத்திலேயே தொய்ந்து தரைக்கு வந்துவிடும்.

கோ-அரவுண்டில் ஆளைக் கொல்வது டிரிம். 61 நாட்டுக்கு டிரிம் செய்த விமானத்தில் முழு பவர் பாய்ந்ததும் மூக்கு பலமாக மேலே போகும். அதைத் தடுக்க யோக்கில் கணிசமான முன் அழுத்தம் தேவைப்படும். துள்ளலில் தள்ளக் கூடாது என்றோம், இங்கே தள்ளச் சொல்கிறோம். முரண்பாடு இல்லை. இரண்டிலும் பார்க்க வேண்டியது கையின் அழுத்தத்தை அல்ல, மூக்கு நிற்கும் இடத்தைத்தான். காற்றில் ஏறும் மூக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே நிற்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவு. பிறகு டிரிமைச் சுழற்றி அழுத்தத்தை விடுவியுங்கள்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் கோ-அரவுண்ட் செய்யவே கூடாது. மோதலின்போது டட்டட்டென்ற சத்தம் கேட்டு, எஞ்சின் சுழற்சி சட்டென்று இறங்கி, அதிர்வு தொடங்கினால் புரொப்பெல்லர் தரையில் பட்டிருக்கிறது. அந்த எஞ்சினை நம்பி மறுபடி மேலே போகாதீர்கள். த்ராட்டிலை மூடி, மூக்கை இயன்றவரை தூக்கிப் பிடித்து, பாதையிலேயே நில்லுங்கள். ஓடுபாதை முடிவில் வேலியில் முட்டினாலும் ஸ்டால் ஆகி மரத்தில் விழுவதைவிட உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

முடிவை வேகமாக எடுக்க ஒரு கோட்டை முன்பே மனதில் போட்டுவையுங்கள்: ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொட்டு நிலைக்கவில்லை என்றால் கோ-அரவுண்ட். ஃபைனலில் மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் குமிழ்) முழு ரிச்சில் இருப்பதைப் பார்ப்பதும் இதற்காகத்தான். பவர் கேட்கும்போது கிடைக்க வேண்டும்.

பழகுவதற்கு 3000 அடி உயரமே நல்ல இடம். இன்ஸ்ட்ரக்டரோடு போய் ஃபிளாப் 30, 61 நாட், அதற்கேற்ற டிரிம் என்று நிறுத்தி, முழு த்ராட்டில் கொடுத்து, மூக்கைப் பிடிக்க எவ்வளவு அழுத்தம் தேவை என்பதைக் கை நினைவில் வைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அடுத்து, ஓடுபாதை நீளமாக இருந்தால் கொஞ்சம் பவருடன் இரண்டு மூன்று அடி உயரத்தில் தரையைத் தொடாமல் பாதை நெடுகப் பறந்து கோ-அரவுண்ட் செய்யுங்கள். பத்துத் தரையிறக்கத்தில் கிடைக்கும் கண்பழக்கம் இப்படி இரண்டு சுற்றில் கிடைத்துவிடும். பயிற்சி மணிநேரத்தைத் தரையிறக்க எண்ணிக்கையால் மட்டும் நிரப்பும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

தரை தொட்ட பிறகு

பின் சக்கரங்கள் தொட்டதும் வேலை முடிந்ததாக நினைத்து யோக்கை விடுவது இன்னொரு வழக்கமான தவறு. பின்னால் பிடித்தே வைத்திருங்கள். வேகம் குறையக் குறைய மூக்கு தானாக மெல்ல இறங்கட்டும். முன்னால் அழுத்தினால் எடை முழுதும் மூக்குச் சக்கரத்தில் ஏறி, பின் சக்கரங்கள் லேசாகி, தள்ளுவண்டி போல விமானம் பக்கவாட்டில் திரும்பும். பக்கக் காற்றில் காற்று வரும் திசைக்கு ஏலரானை (இறக்கை நுனியருகே உள்ள மடலை) வைத்திருங்கள், வேகம் குறையும்தோறும் இன்னும் கூட்டுங்கள். 172எஸ்இல் செய்து காட்டப்பட்ட அதிகபட்சப் பக்கக் காற்று 15 நாட். மாணவருக்கு அதில் பாதியே தாராளம்.

உடைந்து நின்றுவிட்டால்

த்ராட்டில் மூடி, மிக்ஸ்சரை முழுதும் வெளியே இழுங்கள். எரிபொருள் அடைப்பானை மூடுங்கள், இக்னிஷன் சாவியை ஆஃப் செய்யுங்கள். புகையோ தீயோ இல்லையென்றால் டவருக்கு ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு மாஸ்டர் சுவிட்சை அணைத்து இறங்குங்கள். தீ என்றால் பேச்சே வேண்டாம். புரொப்பெல்லர் பக்கம் போகாமல் பின்னோக்கி, காற்று வரும் திசைக்கு நகருங்கள். எரிபொருள் இறக்கைகளில் தலைக்கு மேலேயே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். மோதலில் ஈ.எல்.டி. என்ற அவசர இடங்காட்டிக் கருவி தானாக இயங்கி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கலாம்; எல்லோரும் பத்திரம் என்று கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்த பிறகு அதை அணைக்கலாம்.

ஆட்களை மீட்கவும் தீயைத் தடுக்கவும் தவிர விமானத்தை நகர்த்தாதீர்கள். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்கும் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்துக்கும் தகவல் போக வேண்டும். ஃபிளாப், டிரிம், ஸ்விட்ச்கள் இருந்த நிலையைப் படமெடுத்து வையுங்கள்.

பலமாக இறங்கிய பிறகு

உடையாத விமானம்தான் அதிக ஆபத்து, ஏனென்றால் அடுத்தவர் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பராமரிப்புக் கையேட்டில் பலமான தரையிறக்கத்துக்கென்று தனிச் சோதனை இருக்கிறது. அதைச் செய்து கையெழுத்திடும் உரிமை பொறியாளருக்கு. ஆனால் எங்கே பார்ப்பது என்று விமானிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மூக்கு ஸ்ட்ரட். பளபளக்கும் குரோம் தண்டு வழக்கமான அளவுக்கு வெளியே தெரிகிறதா, சிவப்பு எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரட்டில் காற்றழுத்தம் 45 பி.எஸ்.ஐ., மூக்கு டயரில் 45, பின் டயர்களில் 42. ஸ்ட்ரட்டின் இரண்டு பாகங்களை இணைக்கும் கத்தரி போன்ற டார்க் லிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்வு இருந்தால் அடுத்த ஓட்டத்தில் சக்கரம் வெடவெடக்கும்.

அடுத்து ஃபயர்வால். மூக்குக்கால் அதில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. கவ்லிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றி, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பார்த்தால் நேராகப் பார்க்கும்போது தெரியாத நெளிவு நிழலாகத் தெரியும். கீழ்ப்பாதியில், கால் பிடிப்பான்களைச் சுற்றித்தான் பெரும்பாலும் இருக்கும். உள்ளே ரட்டர் பெடல்களுக்குக் கீழும் பாருங்கள்; மோதலுக்குப் பிறகு பெடல் கனத்தாலோ சிக்கினாலோ அதுவே ஓர் அறிகுறி.

ரிவெட்டுகளை வெள்ளைத் துணியால் தேயுங்கள். தலையைச் சுற்றிக் கறுத்த சாம்பல் நிறப் பொடி ஒட்டினால் அந்த ரிவெட் தளர்ந்து, அலுமினியம் அலுமினியத்தோடு உரசிக்கொண்டிருக்கிறது. பின் சக்கரக் கால் உடலோடு சேரும் இடம், இறக்கை அடி, இறக்கைத் தாங்கியின் இரு முனைகள், இவற்றில் நிதானமாகத் தேடுங்கள். 100எல்.எல். பெட்ரோல் நீல நிறம். இறக்கையின் அடியில் நீலக் கறை புதிதாக இருந்தால் டேங்க் இணைப்பில் விரிசல்.

புரொப்பெல்லர் நுனி வளைந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை. வளையாதது போல் தெரிந்தால் தடத்தை அளக்க வேண்டும்: சாவி வெளியே, மிக்ஸ்சர் கட், சக்கரத்துக்குக் கட்டை. நுனிக்கு எதிரே அசையாத ஒரு குச்சியை நிறுத்தி, மெதுவாகச் சுழற்றுங்கள். எஞ்சின் உயிரோடு இருப்பதாகவே பாவித்து உடம்பை வட்டத்துக்கு வெளியே வையுங்கள். இரண்டு நுனிகளும் 1.6 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் ஒரே இடத்தைக் கடப்பது வழக்கமான வரம்பு.

புரொப்பெல்லரை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்காக: 172எஸ்இல் இருப்பது போன்ற லைகோமிங் எஞ்சின்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2004இல் 2004-10-14 என்ற எண்ணில் கட்டாய உத்தரவு பிறப்பித்தது. புரொப்பெல்லர் எதிலாவது அடிபட்டால், கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் உள்ள பல்சக்கரத்தைத் திறந்து சோதித்து, அதைப் பிடிக்கும் போல்ட்டைப் புதிதாக மாற்ற வேண்டும். கேம்ஷாஃப்டும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோக்களும் எண்ணெய் பம்பும் அந்த ஒரு பல்சக்கரத்தை நம்பி ஓடுகின்றன. மோதலின் திடீர் தடையில் போல்ட் விரிசல் விட்டால் அன்று ஒன்றும் தெரியாது. பல மணிநேரம் கழித்து ஏதோ ஓர் ஏற்றத்தில் அது அறுபட்டால் எஞ்சின் மொத்தமாக நின்றுவிடும், இரண்டு மேக்னட்டோ இருந்தும் பயனில்லை.

ஆகவே சந்தேகம் சின்னதானாலும் விமானத்தின் குறைப் பதிவேட்டில் எழுதுங்கள்: தேதி, ஓடுபாதை, எத்தனை முறை தட்டியது, எந்தச் சக்கரம் முதலில், அப்போது ஃபிளாப் எவ்வளவு, அதிர்வோ சத்தமோ இருந்ததா. பொறியாளர் எங்கே திறந்து பார்ப்பது என்பதை அந்த நான்கு வரிகள்தான் சொல்லும். அவர் கையெழுத்திடும்வரை சாவி அலுவலக மேசையில் இருக்கட்டும்.